நெற்றியில் ஊதா

துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தால் போதும், சாயம் நிற்குமா ஓடுமா என்று சொல்லிவிடுவேன். பெரிய கம்பெனிகளில் இதற்கு மெஷின் வைத்திருக்கிறார்களாம். இருக்கட்டும். சரோஜினி நகர் மார்க்கெட்டில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். சாயம் போய்விட்டது என்று ஒரு துணி திரும்பி வந்ததில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. என்னிடம் வேலை பார்க்கிற பதினாறு பேரில் நாலு பேர் பட்டதாரிகள். ஜனக்புரியில் என் பெயரில் வீடு இருக்கிறது, லிப்ட் வைத்த வீடு. இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் பெருமையில்லாத மற்றதையும் தைரியமாக எழுதுகிறேன்.

சாயத்தின் குணத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு தபசு காலத்தில். இப்போது தவக்காலம் என்று அழகாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. மதராசி கேம்ப்பில், நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டினாற்போல் எங்கள் குடிசை. அங்கிருந்து எட்டாவது குடிசை கோயில். கோயில் என்றால் செங்கல் சுவர், தகரக் கூரை, தரையில் பாய். அதுவரை விபூதிப் புதனுக்கு நாங்கள் ரோட்டைத் தாண்டிப் பெரிய கோயிலுக்குப் போய், இங்கிலீஷ் பூசையில் கடைசியில் நின்று, சாம்பல் பூசிக்கொண்டு வருவோம். அந்த வருஷம்தான் சாமியார், "இந்தத் தடவை இங்கேயே, தமிழிலேயே வைப்போம்" என்றார். கேம்ப்புக்கே கல்யாணக் களை வந்துவிட்டது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வீடு வீடாகப் போய், போன வருஷத்துக் குருத்தோலைகளை வாங்கிவந்து எரித்துச் சாம்பலாக்கினார். தபசு காலத்தில் பீடத்துக்கும் சிலுவைக்கும் போடுகிற ஊதாத் துணி மட்டும் இல்லை.

பெண்கள் கூட்டத்தில், "நான் கொண்டாறேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். சொன்னது அவள்தானா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பிறப்பிலேயே கோயில்காரர். அம்மா அப்படி இல்லை. அவரைக் கட்டிக்கொண்டு பத்து வருஷம் கடைசிப் பாயில் உட்கார்ந்து பூசை பார்த்தவள், முந்தின ஈஸ்டருக்குத்தான் ஞானஸ்நானம் வாங்கியிருந்தாள். கோயில் காரியம் எதையும் அதுவரை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை, பெருக்குவதைத் தவிர.

உபதேசியாரின் மனைவியை உபதேசியாரம்மா என்போம். கோயில் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் சும்மா இருப்பாரா?

"நேத்துத்தான் தலையில தண்ணி ஊத்திக்கின. அதுக்குள்ள பீடத்துணியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சாமியார்தான், "அவங்களே செய்யட்டும்" என்றார்.

"செய்யட்டும் சாமி. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

அன்று முதல் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தத் துணி ஒழுங்காக அமைந்துவிட்டால் அவள் கோயில்காரி. கெட்டுவிட்டால் மறுபடியும் கடைசிப் பாய். அது எனக்கே தெரிந்திருந்தது.

அம்மா வேலை செய்த வீடு சரோஜினி நகரில், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆபீசர் வீடு. பழைய போர்வை ஏதாவது கிடைக்குமா என்று கேட்கப் போனவளுக்கு அந்த வீட்டு மாமி, மடிப்புக் கலையாத புது வெள்ளை விரிப்பை எடுத்துக் கொடுத்தாள். "சுவாமி காரியத்துக்கு யாராவது பழசைக் கொடுப்பாளோடி?" என்றாளாம். அந்த மகராசி எங்கே இருந்தாலும் நன்றாயிருக்கட்டும்.

வெள்ளையை ஊதாவாக்க வேண்டும். போகல் கடைத்தெருவில் ஒரு சாயக்காரர் அடுப்பில் அண்டா வைத்துத் துப்பட்டாவுக்குச் சாயம் போடுவார். துணியையும் கூலியையும் அம்மா தன் தம்பியிடம் கொடுத்து, துணைக்கு என்னையும் அனுப்பினாள். என் மாமா ஊரிலிருந்து வேலை தேடி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வேலை கிடைக்கவில்லை, சினிமாக் கொட்டகை எல்லாம் தெரிந்துவிட்டது.

கடைத்தெருவில் ஹோலிச் சாயம் வந்து குவிந்திருந்தது. பண்டிகைக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. மாமா நின்றார். சாயக்காரரின் அண்டாவைப் பார்த்தார், ஹோலிப் பொட்டலங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பையா, யே கலர் பக்கா?" என்று கடைக்காரனிடம் கேட்டார்.

"ஏக்தம் பக்கா. ஹஃப்தா பர் நஹீ ஜாயேகா," என்றான் கடைக்காரன்.

"கேட்டியா புள்ள? மூஞ்சில பூசுனாலே ஒரு வாரம் போவாதாம். மூஞ்சிய தெனம் கழுவுறோம். துணிய யாரு கழுவப் போறா? ஒரு வருசம் நிக்கும்."

இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மிச்சப் பணத்தில் மேட்னி ஷோ போனோம், இடைவேளையில் வேர்க்கடலை. திரும்பி வந்து ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் வாளி வைத்து முக்கினோம். மாமா குச்சியால் கிளறினார், நான் கையால் பிழிந்தேன். துணி அப்படி ஒரு ஊதா! என் கையும் மணிக்கட்டு வரைக்கும் அப்படியே ஊதா. "சாயக்காரக் கெழவன் புள்ளையப் பிழியச் சொல்லிட்டாங்க்கா" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். துணியின் நிறத்தைப் பார்த்து அம்மா கண் கலங்கிவிட்டாள். அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

விபூதிப் புதன் பூசை விடிகாலையில். எல்லோரும் ஏழு மணிக்கு வேலைக்கு ஓடவேண்டியவர்கள். கரண்ட் இல்லை, மெழுகுவத்திதான். துணியில் பெரிய துண்டு பீடத்தில், சின்னத் துண்டு மேலே சிலுவையில். அதற்கு நேர்கீழே சாம்பல் தட்டு. உபதேசியாரம்மா துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "ம்" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு "ம்" வாங்குவது லேசில்லை. அம்மா அன்று முதல் பாயில் உட்கார்ந்தாள்.

சாமியார் சாம்பலை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அவருக்குக் கை தாராளம். சாம்பலிலும் தெளித்தார், பீடத்திலும் தெளித்தார், சிலுவை மேலும் தெளித்தார். சிலுவைத் துணி சொட்டுச் சொட்டாகத் தட்டுக்குள் வடிந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் யாருக்கும் தெரியவில்லை. மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்குப் போவாய் என்று சொல்லிச் சொல்லி, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோர் நெற்றியிலும் அழுத்திச் சிலுவை போட்டார்.

வெளியே வந்தோம். விடிந்திருந்தது. அத்தனை பேர் நெற்றியிலும் பளிச்சென்று ஊதாச் சிலுவை. முதலில் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். பிறகு அடிகுழாயில் கழுவிப் பார்த்தார்கள். தண்ணீர் பட்டதும் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. கடைக்காரன் பொய் சொல்லவில்லை.

"ஐயய்யோ, எங்க மேம்சாப் கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

"ஹோலிக்குப் பதினஞ்சு நாளு கெடக்குது, உனக்கு மட்டும் என்னா ஜல்தின்னு கேப்பா!"

யாரோ ஒருத்தி சொன்னாள்: "இது ஹோலிக் கலரேதான். அவளுக்குப் பழைய சாமி விட்டுப்போவுமா? வேணும்னே போட்டிருக்கா."

சிரிப்பு நின்றது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் முகத்தில் அந்தச் சிலுவை மட்டும்தான் நிறமாக இருந்தது. அவள் மெல்ல என் கைகளைப் பார்த்தாள். நான் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டேன். மாமாவைத் தேடினாள். மாமா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தார், தலை மட்டும் தெரிந்தது.

உபதேசியாரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் ஸ்வெட்டர்க் கையைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார். அம்மாவின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். அவை சுத்தமாக இருந்தன. செத்தேன் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அவள இன்னாத்துக்குப் பாக்கறீங்க? அந்தக் கலர வாங்கியாந்தவ நானு. சாயக்காரன் துட்டப் புடுங்குவான், ஊட்லயே முக்கலாம்னு சொன்னவ நானு. எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க."

அவரை யார் கேட்பது? ஆனாலும் அவர் விடவில்லை.

"வருசா வருசம் சாம்பலப் பூசிக்கினு, வேல செய்யற ஊட்டுப் படி ஏறங்காட்டியும் முந்தானையால தொடச்சிக்கினுதானே போறீங்க? நானுந்தான் தொடச்சேன். இந்த வருசம் தொடைங்க பாப்போம்!"

உள்ளேயிருந்து வந்த சாமியார் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஈரப் பீடத்துணி பட்டு முழங்கை வரை ஊதா. அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோருமே சிரித்தார்கள், பழி சொன்னவள் உட்பட. அப்படியே நெற்றியோடு பஸ் பிடித்து வேலைக்குப் போனார்கள்.

அந்தப் பீடத்துணியைச் சாயக்காரரிடமே கொடுத்து முறையாகச் சாயம் போட்டு வாங்கிவரும் பொறுப்பையும் அம்மாவிடமே கொடுத்தார் உபதேசியாரம்மா. பிறகு ஒவ்வொரு தபசு காலத்துக்கும் அது அம்மாவின் வேலையாகவே இருந்தது, அவள் சாகும் வரைக்கும். முதல் பாயில் அவள் இடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. இன்று என்னைப் பார்த்து நாலு பேர் எழுந்து நிற்கிறார்கள் என்றால், அது என் உழைப்பு, அதை நான் விட்டுத்தர மாட்டேன். ஆனால் தலை நிமிர்ந்த தாய்க்கு மகளாக வளர்ந்தேனே, அது என் உழைப்பில்லை. அதற்கு ஒரு நன்றி சொல்லவேண்டும் என்று எனக்கு உறைத்தபோது நான் இரண்டு பிள்ளை பெற்றிருந்தேன். உபதேசியாரம்மா போய்ச் சேர்ந்திருந்தார்.

அன்று காலையில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சரோஜினி நகர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அம்மா அழுதுகொண்டே வந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாளியில் முக்கியது நாங்கள், பிழிந்தது நான், பொட்டலம் வாங்கியது மாமா. இதில் ஒரு கை கூட வைக்காத அந்தப் பொம்பிளை எல்லாவற்றையும் தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டாளே! சாவியும் அவளிடம், அதிகாரமும் அவளிடம். முதல்முதலாக எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஒரு காரியத்தையும் பிடுங்கிக்கொண்டாள், அம்மா அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஈஸ்டர் வரைக்கும் உபதேசியாரம்மாவைப் பார்த்தால் தோத்திரம் சொல்வதில்லை என்று அந்த பஸ்ஸிலேயே முடிவெடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் அவரே முதலில் சொல்வார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவேன். சர்க்கரை வேண்டாம் என்று நேர்ந்துகொண்டது மூன்றாம் நாளே முறிந்தது. அந்தத் தபசு காலத்தில் நாற்பது நாளும் நான் தவறாமல் கடைப்பிடித்த ஒரே நோன்பு அதுதான்.