அக்காவுக்கு வந்த ‘தேர்வாகவில்லை’கள்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை நான் எழுதுகிறேன். ‘பொறுமையின் வடிவம்’ என்று எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. பிடிவாதம் நிறைய உண்டு.

கடியப்பட்டணத்தில் மீனவக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். கடலுக்குப் போன அப்பா திரும்பாத பிறகு, தையல் மிஷினை மிதித்து எங்களைப் படிக்க வைத்தவர் அவர்தான். கருங்கல் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கேமரா பீரோவிலேயே கிடந்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு பிறந்த ஊர்க் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டார். “இந்த வயசுல இது என்னத்துக்கு?” என்று கேட்காதவர்கள் நம் குடும்பத்தில் குறைவு.

முதல் போட்டிக்கு, மீன் விற்கும் பெண்களைக் குளித்து நல்ல சேலை கட்டி வரச் சொல்லி, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினார். தேர்வாகவில்லை. ‘இவர்கள் உங்களுக்காக நிற்கிறார்கள். உங்களை மறக்கும்வரை காத்திருங்கள்’ என்று நடுவர் எழுதியிருந்தார். அக்கா அவரை வாய் ஓயும்வரை திட்டினார். பிறகு மீன் ஏலம் நடக்கும் இடத்தில் போய், எல்லாரும் தன்னைக் கவனிப்பதை நிறுத்தும்வரை உட்கார்ந்திருந்து படம் எடுத்து அனுப்பினார். அந்தப் படமும் தேர்வாகவில்லை. ஆனால் அதில் அந்தப் பெண்கள் சண்டை போடுவது காதில் கேட்கும்.

அப்புறம் புற்றுநோய் வந்தது. முடி முழுவதும் கொட்டியது. பார்க்க வந்தவர்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மொட்டைத் தலையோடு தன்னையே படம் எடுத்துப் போட்டிக்கு அனுப்பினார். வீட்டில் பெரிய ரகளை.

“குடும்ப மானம் போவும்” என்றார் சித்தப்பா.

“எனக்க தலை, எனக்க படம். நீங்க பாக்காண்டாம்” என்றார் அக்கா.

அதுவும் தேர்வாகவில்லை. ஃபோனில் வந்த நடுவரின் குறிப்பைப் பயந்துகொண்டேதான் வாசித்துக் காட்டினேன்: ‘கண்கள் இருட்டில் போய்விட்டன. முகத்தை ஜன்னல் பக்கம் சற்றுத் திருப்பியிருக்கலாம்.’ அக்கா சிரித்துவிட்டார்.

“ஏட்டி, பாத்தியா? எல்லாரும் எனக்க தீனத்தத்தான் பாக்குதாவ. இந்த ஆளு படத்தப் பாத்திருக்காரு. கொள்ளாம்! கேமராவ எடு.”

எழுந்து உட்காரவே முடியாத நாள் அது. நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடியும் எடுத்து, வேறொரு போட்டிக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது அக்காவை அடக்கம் செய்திருந்தோம். தேர்வாகவில்லை.

கடைசிவரை உடனிருந்த அத்தானுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், பெயர் தெரியாத அந்த நடுவர்களுக்கும் எங்கள் நன்றி. அட்டைக்கு அக்காவின் கல்யாணப் படத்தைப் போடச் சொல்லிப் பலரும் வற்புறுத்தினீர்கள். போடவில்லை. அட்டையில் இருப்பது அக்கா கடைசியாக எடுத்த படம். கண்கள் நன்றாகத் தெரிகின்றன. இந்த முறை தரையைப் பார்க்காதீர்கள்.