ஆயிரம் லிட்டர் தயிருக்கு எத்தனை ரஜாய்?

சிவஞானம் வாயைத் திறந்தால் வனஸ்பதிதான் வரும் என்பது ஜனக்புரி காலனிக்கே தெரியும். ஊர் திருநெல்வேலிப் பக்கம். டில்லியில் ஒரு வனஸ்பதி ஆலையில் கெமிக்கல் என்ஜினியர். எண்ணெயைக் கெட்டியாக்குகிற வேலை. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மகள் ருக்குவுக்குத்தான். வேறு பிரிவில் இடம் கிடைக்காமல் அவளும் என்ஜினியரிங் கல்லூரியில் கெமிக்கலில் சேர்ந்திருந்தாள். இப்போது சிவிலில் ஓர் இடம் காலி. திங்கட்கிழமைக்குள் மாறிக்கொள்ளலாம்.

அதற்கு முந்தின சனிக்கிழமை பார்த்துத்தானா கல்லூரியில் அவரைக் கூப்பிட வேண்டும்! புதுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் என்னவென்று எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

"வாங்கப்பா. ஆனா நான் உங்க பொண்ணுன்னு சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

"சொல்லலட்டி. நீதான் கட்சி மாறப் போறியே, சொல்லிக்கிட என்ன இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மனசு சிரிக்கவில்லை.

வகுப்பில், எழுதி வைத்திருந்ததை இங்கிலீஷில் படித்தார். கோபுரம், குழாய், அழுத்தம். பின்பெஞ்சு கொட்டாவி விட்டது. ருக்கு தலையைத் தூக்கவே இல்லை. ஒரு சர்தார் பையன் எழுந்து ஹிந்தியில் கேட்டான்: "லேபில் சின்னப் பாத்திரத்தில் செய்கிறதை நீங்கள் பெரிய பாத்திரத்தில் செய்கிறீர்கள். இதற்கு எதற்கு சார் இத்தனை வருஷப் படிப்பு?"

சிவஞானம் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். தெரிந்த ஹிந்தியில் ஆரம்பித்தார்.

"குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றினால், கிண்ணத்தைப் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய்ப் போர்வைக்குள் சுற்றி வைப்போம். இல்லாவிட்டால் தோயாது. ஒரு கிண்ணத்துக்கு ஒரு ரஜாய். ஆயிரம் லிட்டர் அண்டாவுக்கு எத்தனை?"

"ஆயிரம் ரஜாய், சார்!"

"கரோல்பாக் கடையெல்லாம் காலி!" என்றான் இன்னொருவன். ஒரே சிரிப்பு.

"ஒண்ணுகூட வேண்டாம்ப்பா!"

தமிழில் கத்திவிட்டாள் ருக்கு. அப்பா என்றால் யாரென்று டில்லிக்கும் தெரியும். அத்தனை தலையும் திரும்பியது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? எழுந்தே விட்டாள்.

போன பொங்கலுக்குக் காலனி விருந்துக்கு அண்டா நிறையப் பாலில் உறை ஊற்றியவள் அவள்தான். வீட்டு வழக்கப்படி ரஜாய்களைச் சுற்றிவிட்டாள். காலையில் திறந்தால் புளிப்பு மூக்கைத் துளைத்தது.

"கிண்ணம் சீக்கிரம் ஆறிவிடும். அண்டாவுக்கு வயிறு பெரிசு, தோல் கம்மி. நடுவில் இருக்கிற சூடு வெளியே வர வழியில்லாமல் உட்கார்ந்து தயிரைப் புளிக்க வைத்துவிடும். சும்மா பெருக்கிப் போட்டால் நடக்காது!" என்றாள் ஹிந்தியில்.

"அப்போது சூட்டை எப்படி வெளியே எடுப்பாய்?" சர்தார் பையன் விடவில்லை.

"கிளறிவிடலாம்" என்றான் ஒருவன்.

"கிளறு, மோர் குடி" என்றாள் ருக்கு. "உள்ளே குழாய் விட்டுப் பச்சைத் தண்ணீர் ஓட்டினால்?"

"ஓட்டலாம். எவ்வளவு தண்ணீர், எத்தனை குழாய்?" என்றார் சிவஞானம். "என் ஆலையிலும் இதே சூட்டோடுதான் தினம் மல்லுக்கு நிற்கிறேன். இதுதான் எங்கள் வேலை."

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார். "ஏட்டி, திங்கக்கிழமை சிவிலுக்கா?"

"நஹீம்ப்பா. இங்கேயே இருக்கேன். ஆனா உங்க வனஸ்பதிக்கு மட்டும் வரமாட்டேன், பக்கா."

"வராட்டா போ. டில்லியில ஆலைக்கா பஞ்சம்!"