தட்டினால் பேசும் கிண்ணம்

என் ஒலிப்பதிவு அறை மேசையில் ஒரு பழுப்புக் கிண்ணம் இருக்கிறது. கொஞ்சம் கோணல், விளிம்பில் மெருகும் சரியாகப் பிடிக்கவில்லை. இதில் பேனா போட்டு வைக்கலாமே என்று வருகிறவர்கள் யோசனை சொல்வார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அது என் அண்ணியின் ஜலதரங்கக் கிண்ணம்.

கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி மூங்கில் குச்சியால் தட்டி வாசிக்கிற அந்த வாத்தியத்துக்கு, அண்ணி கடையில் கிண்ணம் வாங்கியதே இல்லை. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சூளை பிரிக்கிற அன்று குச்சியும் கையுமாகப் போய் நிற்பார். அடுக்கி வைத்ததை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். "கச்சேரி வந்துடுச்சுடி, தள்ளுங்க" என்று அங்கே வேலை செய்கிற பெண்கள் கிண்டல் செய்வார்கள். பளபளப்பானதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கோணலான ஒன்றைச் சிரித்துக்கொண்டே எடுத்து வருவார்.

ஊரில் அவர் வாசிப்பை யார் கேட்டார்கள்? கல்யாண வரவேற்புகளில் சாம்பார் வாளிச் சத்தத்துக்கு நடுவே வாசித்தார். அவரே மெட்டமைத்த ஒன்றை ஒரு மழைநாளில் என் அறையில் பதிவு செய்தோம். "நாலு பேரு சாப்புடுற கைய நிறுத்திட்டு இதக் கேட்டாங்கன்னா போதும் தம்பி" என்றார். அந்த ஆசை தெரிந்ததால்தான், பீங்கான் கோப்பை விற்கும் ஒரு பெரிய நிறுவனம், என் அறைக்கு வந்துபோகிற ஒருவர் மூலம் கேள்விப்பட்டு, விளம்பரத்துக்கு அந்த மெட்டைக் கேட்டபோது நான் துள்ளினேன். அண்ணியும் உடனே சரியென்றார். விளம்பரம் என்றாலே தீட்டு என்று ஒதுங்குகிற ஆளில்லை அவர்.

திருச்சியில் படப்பிடிப்பு. நிறுவனத்தின் வெள்ளைக் கோப்பைகளை அரைவட்டமாக அடுக்கித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பதிவு ஓடும், அண்ணி வாசிப்பதுபோல் கையை அசைத்தால் போதும். பழக்க தோஷத்தில் அவர் ஒரு கோப்பையை நிஜமாகவே தட்டிவிட்டார். டொக்கென்றது. தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார். மறுபடியும் டொக்.

"என் கிண்ணத்துலயே வாசிக்கிறேங்க" என்று பையிலிருந்து எடுத்தார். இயக்குநர் அந்தப் பழுப்பைப் பார்த்து முகம் சுளித்தார். "இந்தச் சத்தம் இதுலேருந்து வரலன்னு யாருக்கும்மா தெரியப்போவுது?"

"வாங்கிட்டுப் போறவங்க வூட்டுல தட்டிப் பாப்பாங்கல்ல?"

ஒருவரும் தட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று நானும் கெஞ்சினேன். அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். திரும்பும் வழியில், பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தபோது, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். எனக்கு அவர்மேல் அத்தனை ஆத்திரம். அழுகிறவர் எதற்கு எழுந்து வரவேண்டும்?

விளம்பரம் யாரோ கீபோர்டில் வாசித்த ஜலதரங்கத்தோடு வந்தது. அண்ணி அதையும் பார்த்தார். "வாசிப்பு நல்லாத்தான் இருக்குது" என்றார். அவர் வாசிப்பு மட்டும் கடைசிவரை பந்தி இரைச்சலிலேயே கரைந்தது. போன வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

சென்ற வாரம் அதே நிறுவனத்திலிருந்து போன். பழைய பதிவு இருக்குமே, இப்போது கொடுக்கலாமே என்றார்கள். அண்ணனைக் கேட்டால் "உன் இஷ்டம்டா" என்று ஒதுங்கிவிட்டார். கொடுத்தால் அண்ணியின் மெட்டை ஊர் உலகமே கேட்கும். அதைத்தானே அவர் ஆசைப்பட்டார்? மறுபடி அவர்கள் கூப்பிட்டபோது, மேசைக் கிண்ணத்தைப் பேனாவால் தட்டினேன். தண்ணீர்கூட இல்லை; ஆனாலும் நீளமாக ஒலித்து மெல்ல அடங்கியது. எதிர்முனையில் படபடவென்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"சார், அது என்ன சத்தம்?"

"இந்தக் கிண்ணத்தப் படத்துல காட்டுறதா இருந்தா பேசலாங்க" என்றேன்.

கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் அன்றைக்குப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டாரே ஒரு மனிதர், அதை அண்ணியிடம் சொல்ல வழியில்லையே என்றுதான் வருத்தமாக இருக்கிறது. பேனாக்கள் வேறு டப்பாவில் கிடக்கின்றன.