ஒரு நாள் பிந்திய வீடு

வேலைக்குச் சேர்ந்த அன்று நான் முதலில் பார்த்தது, அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த நிரலாளரின் முதுகைத்தான். திரையில் மூக்கு முட்டும்படி குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு, "நாலு, ஏ, ஒம்பது, எஃப்..." என்று படித்துக்கொண்டிருந்தார். நிரலில் கடைசியாகச் செய்த மாற்றத்தின் அடையாள எண் அது. ஒரு இணையத் தளத்தில் படித்ததை அடுத்த தளத்திலும் படித்து, ஒத்துப்போனதும் "ம், இருக்கு" என்று தலையாட்டினார். கணினியே ஒப்பிட்டுச் சொல்லிவிடுமே என்று கேட்டேன்.

"அது சொல்லும்டா. நான் பாக்கணுமில்ல?"

எங்கள் அலுவலகம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறது. எழுதியது மொத்தமும் மூன்று இணையத் தளங்களில் இருக்கும். ஒன்று படுத்தால் இன்னொன்று கைகொடுக்கும். இந்த ஏற்பாடு அக்காவுடையது. தளம் என்று சொல்லமாட்டார், வீடு என்பார். முதல் வீட்டில் எதை மாற்றினாலும் இரண்டாவதில் அதே நிமிடம் தானாக மாறிவிடும். மூன்றாவது வீட்டுக்கு மட்டும் மறுநாள் காலையில், தேநீரை ஆறவிட்டு, தன் கையாலேயே அனுப்புவார்.

பக்கத்து மேசைச் சோதனையாளருக்கு வாய் சும்மா இருக்காது. "ரெண்டு வீடு வச்சிருக்கிறவனே முழி பிதுங்கி நிக்கிறான். உங்களுக்கு மூணு கேக்குதா?"

"மூணு வீட்லயும் ஒரே சாமான்தான். அதான் சண்டையே இல்ல."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் வேலையைப் பற்றி அப்பா பேருந்து நடத்துநர் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். வேலை நிரந்தரமாகுமுன் வரும் சோதனைக் காலம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு மதியம், பழைய கிளைகளைக் களையெடுக்கிறேன் என்று உட்கார்ந்தேன். நிரலில் தனியாகப் பிரித்து எழுதும் பகுதியைக் கிளை என்போம். களையோடு பயிரையும் பிடுங்கிவிட்டேன். மருந்துச் சீட்டுப் பகுதி, மூன்று மாத உழைப்பு. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அவருடைய மடிக்கணினியையும் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. இரண்டாவது வீட்டுக்கு ஓடினேன். நான் அழித்ததை அதுவும் சொன்ன பேச்சு தட்டாமல் அழித்து வைத்திருந்தது.

"அக்கா..." என்று கூப்பிட்டேன்.

என் திரையை எட்டிப் பார்த்தார். "இரு, பதறாத. மூணாவது வீட்டுக்கு இன்னும் சேதி போகல."

கிளை அங்கே காலையில் அனுப்பியபடியே இருந்தது. எடுத்து முதல் வீட்டில் வைத்தார்.

"இதையும் தானா மாற விட்டிருந்தா, அக்கா?"

"நம்ம தப்பும் சேந்துல்ல ஓடும்? ஒரு வீட்டுக்காவது அது மெதுவா போகட்டும்னுதான்."

அதற்குள் விஷயம் மேலாளர் காதுக்குப் போய்விட்டது. எங்கள் மேசைக்கே வந்து நின்றார். "யாரு அழிச்சது?"

நான் எழப்போனேன். அக்கா மேலாளர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என் தோளில் கைவைத்து அழுத்தினார்.

"யாரு வேணா அழிக்கலாம்ங்கிற மாதிரி திறந்து வச்சிருந்தது நான்தான் சார். இப்ப பூட்டிட்டேன்."

பணி உறுதியான கடிதத்தை அப்பாவுக்கும் முன்னால் அவருக்குத்தான் அனுப்பினேன். அக்கா இப்போது பிரசவ விடுப்பில், அவருடைய அம்மா வீட்டில் இருக்கிறார். பெண் குழந்தை. மூன்றாவது வீட்டுக்குக் காலையில் அனுப்புவது இப்போது நான்தான்.