பழப்புளி போட்டு மினுக்கிய மோட்டார்

இன்று காலை சம்பலுக்குச் செத்தல் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த கிறைண்டர் திடீரென்று முனகியது. அடியில் ஒரு நீலப் பொறி, கூடவே ஒரு வாசம். மனைவி சுவிட்சை அணைத்துவிட்டு, கருகிப் போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்கவேண்டும் என்றாள். நான் கிறைண்டரைக் கவிழ்த்து மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றேன். அது கருகல் வாசமில்லை. மோட்டாருக்குள் இருக்கும் கரித்துண்டு செம்பில் உரசும்போது எழும் வாசம். மின்னல் வெட்டிய பிறகு காற்றில் ஒன்று வருமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. மிளகாயும் சேர்ந்துவிட்டதால் எனக்குத் தும்மல் வந்தது. தும்மிக்கொண்டே நினைவில் மட்டக்களப்பு ரயில் ஸ்டேசனுக்குப் பின்னால் இருந்த சாமான் கொட்டிலுக்குப் போய்விட்டேன்.

அந்த நாட்களில் நான் மின்சார மீட்டர் வாசிக்கிறவன். வாசிப்பது மட்டும்தான் வேலை. குருக்கள்மடத்தில் இருந்து காலையில் சைக்கிளில் கிளம்பி, வீடு வீடாக இலக்கம் எழுதிக்கொண்டு வருவேன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைக்க மட்டும் செய்யும் என்று கேட்டால் விரிவாகச் சொல்வேன். மின்சாரத்தைப் பற்றிக் கேட்டால், கையை வைக்காதீர்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காக்கிச் சட்டையும் கையில் புத்தகமுமாகத் திரிகிறவனை ஊர் அப்படி விடுமா? கலியாண வீட்டில் பந்தல் லைட் எரியாவிட்டாலும் என்னைத்தான் தேடுவார்கள்.

கொட்டிலின் மீட்டர் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தது. ஒவ்வொரு மாதமும் போன மாத இலக்கத்தையே பார்த்து எழுதிவிட்டு வருவேன். ஒரு மாதம் அது நாலு யூனிட் ஓடியிருந்தது. பூட்டிய கொட்டிலுக்குள் இருந்துகொண்டு யார் நாலு யூனிட் எரித்திருப்பார்கள் என்று மண்டை குடைந்தது. அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை, லீவு நாளென்றும் பாராமல் போய்க் கதவைத் தள்ளினேன்.

உள்ளே ஒரு பழைய ரயில் கார் நின்றது. இழுத்து நீட்டிய பஸ் மாதிரி, முன்னாலும் பின்னாலும் ஒரே முகம். அடியில் இருந்து நாலு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு கால் பழுகாமத்துக் கனகசபை அண்ணனுடையவை. ஓய்வு பெற்ற ரயில் ட்ரைவர். மற்ற இரண்டும் காத்தான்குடி ஹனீபா காக்காவுடையவை. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். தண்ணீர்ப் பம்பு மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறவர். பழைய கைவிளக்குகள், டிக்கெட் குத்தும் மெசின், மணி என்று பொறுக்கிச் சேர்த்து, அந்தக் கொட்டிலை ஊரார் வந்து பார்க்க ஒரு சின்ன ரயில் நூதனசாலையாக்க இருவரும் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. சனிக்கிழமை காலையில் வருவார்கள், பின்னேரம் கறுப்பாகத் திரும்புவார்கள். என் காக்கிச் சட்டையைக் கண்டதும், கரண்ட் தெரிந்த ஆள் வந்துவிட்டது என்று கையில் ஒரு ஸ்பனரைத் தந்தார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. எனக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

அந்தக் காரின் வித்தை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. டீசல் எஞ்சின் தண்டவாளத்தில் ஓடும் சில்லைச் சுழற்றுவதில்லை. அது கரண்டை உண்டாக்கும். அந்தக் கரண்டில் அடியில் உள்ள இரண்டு மோட்டார்கள் சுற்றும். அவைதான் சில்லை உருட்டும். நேரே உருட்டாமல் ஏன் இந்தச் சுற்றுவழி என்று நான் மூன்று சனிக்கிழமை கேட்டேன். ஹனீபா காக்கா மூன்று தரமும் மூன்று விதமாக விளக்கினார். எதுவும் முழுதாக விளங்கவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

கனகசபை அண்ணனுக்கு அது விளையாட்டல்ல. அந்தக் காரைக் கடைசியாக ஓட்டியவர் அவர். ஒருநாள் பிரேக்கில் சின்னச் சந்தேகம் வந்து, ஓட்டத் தகுதியில்லை என்று காரின் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டு இறங்கியிருக்கிறார். திருத்தி எடுக்க எவரும் வரவில்லை, அப்படியே நின்றுவிட்டது. “என்ட கையாலதான் நிப்பாட்டினன். ஒருக்கா ஓட்டிப் போட்டனெண்டா காணும்” என்பார். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாமாம்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு ரயில்வேயில் இருந்து கடிதம் வந்தது. கழித்த பெட்டிகளையெல்லாம் வெட்டிப் பழைய இரும்புக்கு விற்கப்போகிறார்கள். திங்கட்கிழமை ஒரு பொறியியலாளர் வருவார். கொட்டிலில் இருந்து ஸ்டேசன் மேடை வரை கார் தானாக ஓடினால் பாதுகாப்பார்கள், ஓடாவிட்டால் வெட்டு.

எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தாயிற்று, நல்ல சத்தம். பிரேக்கையும் திருத்தியாயிற்று. மோட்டார்களைத் துப்புரவாக்குவதுதான் மிச்சம். அந்தச் சனிக்கிழமை காலையில் ஹனீபா காக்கா ஓட்டமாவடியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். மோட்டாரின் மூடியைத் திறந்தால், உள்ளே கரித்துண்டுகள் உரசும் செம்பு உருளை மண்ணிறமாக மங்கிக் கிடந்தது. அம்மன் கோயில் சடங்குக்குக் குத்துவிளக்கு மினுக்குகிற வீட்டில் பிறந்தவன் நான். செம்பு அப்படிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கடைக்கு ஓடிப்போய்ப் பழப்புளி வாங்கிவந்தேன். சாம்பலும் சேர்த்துத் தேய்த்தேன். கனகசபை அண்ணனும் மற்றப் பக்கத்தில் இருந்து தேய்த்தார். ஒரு மோட்டார் முடியும்போது புளியும் முடிந்தது, என் முதுகும் முடிந்தது. ஆனால் செம்பு பொன்னாக மின்னியது. இருவருக்கும் வாயெல்லாம் பல்.

பின்னேரம் ஹனீபா காக்கா வந்ததும் எஞ்சினை இயக்கி மெதுவாகக் கரண்டை விட்டோம். கார் ஒருமுறை குலுங்கியது. அடியில் இருந்து நீல நெருப்பு வட்டமாகச் சுழன்றது, இன்று கிறைண்டரில் வந்த அதே வாசத்தோடு. காக்கா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கீழே போய் மூடியைத் திறந்தார்.

“இத மினுக்கினது ஆரு?”

நான்தான் என்றேன்.

“எதால?”

பழப்புளியால் என்றேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “தம்பி, அது அழுக்கில்ல. செம்புட தோல். வருசக்கணக்கா ஓடி ஓடி வாற தோல். அதுக்கு மேலதான் கரி வழுக்கி ஓடும்” என்றார். மறுபடி பூசமுடியாதா என்று கேட்டேன். பூசுகிற சாமானில்லையாம், ஓடினால்தான் வருமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கனகசபை அண்ணன், “நானும்தான் தேய்ச்சன்” என்று மட்டும் சொன்னார்.

காக்கா டோர்ச்சை எடுத்துக்கொண்டு மற்ற மோட்டாருக்குக் கீழே ஊர்ந்து போனார். மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

“அல்ஹம்துலில்லாஹ். இது ஊத்தையாத்தான் கிடக்கு.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, மினுக்கிய மோட்டாரின் கரித்துண்டுகளைச் செம்பில் படாமல் தூக்கி வைத்து, அதற்குப் போகும் கரண்டைத் தனியே வெட்டினோம். திங்கட்கிழமை ஒற்றை மோட்டாரில் கார் கிளம்பியது. ட்ரைவருக்குப் பக்கத்தில் நின்று கரண்ட் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் சொல்வது என் வேலை. ஒருவழியாக எனக்குத் தெரிந்த வேலை. முள் கோட்டுக்குக் கிட்டே போவதும் திரும்புவதுமாக இருந்தது. நடந்து வந்த பொறியியலாளர் எங்களை முந்திப் போய் மேடையில் நின்றார். அவருக்கு முன்னால் கனகசபை அண்ணன் மெத்தென்று நிறுத்தினார். பிரேக்கில் இருந்து உடனே கையை எடுக்கவில்லை. சட்டை நனைய அழுதார். நானும் அழுதேன், முள்ளைப் பார்த்தபடியே.

பொறியியலாளருக்கு நல்ல சந்தோசம். எங்கள் மூவருக்கும் கைகொடுத்தார். இப்படியான காரை இந்தக் கொட்டிலில் விடக்கூடாது, மலைநாட்டுப் பெரிய நூதனசாலைக்கு அனுப்புகிறேன் என்றார். பாதுகாப்போம் என்று கடிதத்தில் இருந்ததைப் படித்தோமே தவிர, எங்கே வைத்து என்று ஒருவருமே கேட்டிருக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு எஞ்சின் வந்து அதை இழுத்துக்கொண்டு போனது. காக்காவுக்குக் கோபம். ஓடவிடாமல் இருந்திருக்கவேண்டும் என்று என் வாயிலும் வந்தது. கனகசபை அண்ணன்தான், “வெட்டினாப் போல ஆகுமா? எங்கயோ ஒரு இடத்தில நிக்கிது தானே” என்றார்.

கொட்டில் இப்போது இல்லை. அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. மூவரும் ஒருநாள் போய்க் காரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கன காலம் பேசிக்கொண்டிருந்தோம். மழை முடியட்டும், வயலில் வெள்ளாண்மை வெட்டு முடியட்டும், நோன்பு முடியட்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் தள்ளிவைத்தோம். முதலில் காக்கா காலமானார், போன வருசம் அண்ணனும் போய்விட்டார். இனி அதைப் பார்க்க நான் தனியாகத்தான் போகவேண்டும்.