தெருவுக்குக் கேட்ட பாடம்

சாலை ரோட்டில் மாடியில் நடக்கும் அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் ஒரு வழக்கம். ஆசிரியை சொல்லும் வாக்கியத்தை வகுப்பே சேர்ந்து ஆங்கிலத்தில் இரண்டு தடவையும் தமிழில் ஒரு தடவையும் உரக்கச் சொல்லவேண்டும். ஜன்னலைச் சாத்தக் கூடாது. "தெருவுக்குக் கேக்கணும்ங்க, அதான் நமக்கு விளம்பரம்" என்பார் முதலாளி ரெங்கராஜ்.

அங்கே பாடம் எடுக்கும் மலர்க்கொடியின் தம்பி சரவணன் எலக்ட்ரீஷியன். சென்டருக்கு லைட் போர்டு மாட்டும்போது ஷாக் அடித்து விழுந்து இறந்துபோனான். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறினான். தன் அறையில் ஏசி ஓடவில்லை என்று ரெங்கராஜ் எழுந்து வந்து மெயினைப் போட்டதை மலர்க்கொடி கண்ணால் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவர் அழுதார். "தெரியாம பண்ணிட்டேம்மா. நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்." அவளும் நம்பிப் பொறுத்திருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வேலைக்கு வந்தபோது, கீழே டீக்கடை பஷீர் அகமது கூப்பிட்டார். "மனசத் தேத்திக்கங்கம்மா. என்ன இருந்தாலும் தண்ணி போட்டுட்டு ஏணியில ஏறலாமா?"

"யாரு பாய் சொன்னா?"

"உங்க சார்தான். போதையில மெயினை ஆஃப் பண்ண மறந்துட்டானாமே."

இதே கடையில் டீகூட வேண்டாமென்று பால் வாங்கிக் குடித்தவன் சரவணன். மலர்க்கொடி படியேறினாள்.

அன்றைய பாடம் பாஸ்ட் கன்டினியுவஸ். "ஒரு வேலை நடந்துகிட்டு இருந்துச்சு. நடுவுல இன்னொண்ணு வந்து விழுந்துச்சு. நடந்துகிட்டு இருந்ததுக்கு வாஸ் போட்டு, வினையோட கடைசியில இங் சேருங்க. பல பேர்னா வேர். நடுவுல விழுந்ததுக்கு வெறும் பாஸ்ட் டென்ஸ் போதும்."

அறையிலிருந்து ரெங்கராஜ் குரல் கொடுத்தார். "இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப போன் வந்துச்சே, அந்த உதாரணத்தைச் சொல்லும்மா."

"வேற வச்சிருக்கேன் சார்."

பலகையில் எழுதிவிட்டு வாசித்தாள். "மை பிரதர் வாஸ் ஃபிக்ஸிங் தி போர்டு வென் ரெங்கராஜ் சார் ஸ்விட்ச்டு ஆன் தி மெயின்."

முன்வரிசை மகாலட்சுமி மெல்லக் கேட்டாள். "மேடம், இது..."

"நான் பார்த்தது. சொல்லுங்க."

மகாலட்சுமி தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் தடவை சத்தம் கூடியது. ரெங்கராஜ் ஓடிவந்து ஜன்னல் கதவை இழுத்தார். மலர்க்கொடி கதவுக்குக் குறுக்கே கையை வைத்தாள்.

"வேலை வேணாமா உனக்கு?"

"வேணாம். ஆனா மூணாவது தடவை தமிழ்ல சொல்லணும் சார். நீங்க போட்ட ரூல்தானே?"

கீழே பஷீர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.