சூசை அண்ணனின் கரடி

சூசை அண்ணன் போய்விட்டார்.

காலையில் டிரைவர்கள் குரூப்பில் போட்டோ வந்தது. நெஞ்சுவலியாம்... இன்று நாலு மணிக்கு ராயபுரத்தில் அடக்கம்.

இங்கே ஃபேஸ்புக்கில் பலருக்கு அவரைத் தெரியாது. டிரெய்லர் ஓட்டியவர், திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டுக்குப் பதினோரு வருஷம் வந்து போனவர்.

நான் கேட்டில் ஸ்லிப் போடுபவள். டிரைவர் கன்டெய்னர் நம்பரைச் சொல்வார், நான் எழுதி சீல் குத்திக் கொடுப்பேன், உள்ளே அந்தப் பெட்டியை வண்டியில் ஏற்றுவார்கள், அது ஹார்பருக்குப் போகும். அவ்வளவுதான் என் வேலை.

ஆனால் லைன் நகராது. மணிக்கணக்காக வெயிலில் நிற்கும் டிரைவர்கள் என்ன செய்வார்கள்... மிருகங்களைச் சண்டைக்கு விடுவார்கள்.

சிங்கமா, புலியா. யானையா, காண்டாமிருகமா. முதலையும் சுறாவும் எண்ணூர் முகத்துவாரத்தில் மோதிக்கொண்டால் யாருக்கு ஜெயம்... பேரன் எடுத்தவர்கள் எல்லாம் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள்.

கடைசித் தீர்ப்பு என் ஜன்னலில். நான் ஒரு பெயரைச் சொல்லி, சீலை மேஜையில் ஒருமுறை குத்தினால் கேஸ் முடிந்தது, அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது.

ஒரு புலியை நேரில் பார்த்ததில்லை நான். அதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை, எனக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சூசை அண்ணன் எப்போதும் கரடி கட்சி. எதிரில் எது வந்தாலும் கரடிதான், பெரும்பாலும் அவர் ஒருவர் மட்டும்தான்.

ஒரு லீவு நாளில் குடும்பத்தோடு வண்டலூர் ஜூவுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். கரடி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்ததாம்... ரெண்டு நாள் அண்ணனுக்குக் கொஞ்சம் சுருதி குறைந்திருந்தது. மூன்றாம் நாள் பழைய கரடி கட்சி.

அப்படி என்னதான் இருக்கிறது கரடியிடம் என்று கேட்டேன். "புலி அடிச்சிட்டு ஒதுங்கும், அப்பால வந்து மறுபடி அடிக்கும். கரடிக்கு அந்த வேலையே தெரியாதும்மா... நின்னு வாங்கிகினே திருப்பிக் குடுக்கும்" என்றார்.

ஒருமுறை அவருக்குக் கடுமையான காய்ச்சல். துண்டைப் போர்த்திக்கொண்டு ஜன்னலில் வந்து நின்றார். அன்றைக்குச் சிங்கத்துக்கும் கரடிக்கும் சண்டை. பார்க்கவே பாவமாக இருந்தது, கரடி என்று சொல்லி சீலைக் குத்திவிட்டேன்.

மனுஷனுக்கு வந்ததே கோபம். "பாவம் பாத்து சொன்னா அது தீர்ப்பா? அப்பறம் இன்னாத்துக்கு உன்னாண்ட வர்றோம்?"

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நம்பரை மட்டும் சொல்வார், ஸ்லிப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இனி எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம். புலிக்கும் கரடிக்கும் சண்டை, ஜன்னலைச் சுற்றிப் பத்துப் பேர், ஒருத்தர் கையில் யூடியூப் வேறு.

அண்ணன் நம்பரைச் சரியாகத்தான் சொன்னார். நான் அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே, மேஜையில் கிடந்த பேப்பரைப் பார்த்து, அடுத்த வாரம் போக வேண்டிய வேறொரு பெட்டியின் நம்பரை எழுதி சீல் குத்திக் கொடுத்துவிட்டேன்.

ஹார்பர் கேட்டில்தான் தெரிந்தது. திரும்பி வந்து பெட்டியை மாற்றிக்கொண்டு போவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது.

மறுநாள் மேனேஜர் ரூமில் ரெண்டு பேரையும் நிற்க வைத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "நான்தான் சார் நம்பர தப்பா சொல்ட்டேன். அந்தப் பொண்ணு நான் சொன்னத எழுதிச்சு."

நான் அப்போதாவது பேசியிருக்கலாம். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான், பயம்... தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அவரிடமிருந்து வண்டியைப் பிடுங்கிவிட்டார்கள். அப்புறம் மாத்தூரில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை.

போன வருஷம் விம்கோ நகரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்து சீட்டில் அவர். பாதி ஆளாக இளைத்திருந்தார்.

"இன்னா ஜட்ஜம்மா, அன்னிக்கு புலியா கரடியான்னு நீ சொல்லவே இல்லியே" என்று சிரித்தார். ஏன் அப்படிப் பழியை வாங்கிக்கொண்டீர்கள் என்று கேட்க வேண்டும், காலில் விழ வேண்டும் என்றெல்லாம் இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, என் ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீதான் அந்த ஜட்ஜம்மாவா என்று கேட்டார்.

அழுதுகொண்டே அண்ணனைத் திட்டினார்... "ஒரு நம்பர ஒழுங்கா சொல்லத் தெரியாம, வண்டிய வுட்டுட்டு வந்து குந்திகினாரும்மா."

வீட்டில்கூடச் சொல்லவில்லை அவர். மூன்று வருஷமாகத் திட்டு வாங்கியிருக்கிறார்.

அப்போதும் என் வாய் திறக்கவில்லை. கிடத்தியிருந்த அண்ணனின் முகத்துக்கு எதிரில் நின்றும்.

அண்ணன் மனைவி, அந்த அக்காவிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. அதனால் இந்தப் பதிவில் மகள் ஸ்டெல்லாவை டேக் செய்திருக்கிறேன்.

ஸ்டெல்லா... அப்பாவை எடுப்பதற்கு முன்னால் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்மா. அப்பா நம்பரைச் சரியாகத்தான் சொன்னார், தப்பாக எழுதியது நான்.

ஆபீஸ் ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

அண்ணே... பாவம் பார்க்காமல் சொல்கிறேன். புலிதான் ஜெயிக்கும்.

சீல் குத்திட்டேன். போய்ட்டு வாங்க.